விஞ்சுக்காரரின் நாடி

அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியதை நான் பார்த்தேன். பார்த்தும் எழுதவில்லை. அவருடைய உதடு சுண்ணாம்பாக வெளுத்ததையும் எழுதவில்லை. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பத்துநாலு என்பதை மட்டும் குறித்து, அதன் கீழே, இந்த ஆள் நடிக்கிறான் என்பது என் அபிப்பிராயம் என்று இங்கிலீஷில் ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரி செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமோ அவர்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. அதனால் மன்னிப்புக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு வழியில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பினாங்குத் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியின் மருந்தறையில் டிரசராக இருந்தேன். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவன், மருந்து கலந்து கொடுக்கிறவன் என்று டிரசருக்கு வெளியே அர்த்தம் சொல்வார்கள். உண்மையில் அந்த அறையை ஆண்டவன் நான்தான். வெள்ளைக்கார டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூலிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான். எந்த நோயாளி சொன்ன எந்த வார்த்தை டாக்டர் காதுக்குப் போக வேண்டும் என்பதை நான் தீர்மானித்தேன்.

ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாதவர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. வேலையில் இருந்தவனுக்கும் அடுத்த கப்பல் தனக்குத்தானோ என்ற பயம் இருந்தது. காலையில் உடம்புக்கு முடியவில்லை என்று வருகிறவர்கள் மருந்தறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்து, வேலைக்குப் போகிறவன் யார், ஓய்வுக்குப் போகிறவன் யார் என்று பிரிப்பது என் வேலை.

அதில் நான் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தேன். விரலை நாடியில் வைத்துக்கொண்டு வீட்டைப் பற்றி, ஊரைப் பற்றிச் சாதாரணமாகப் பேசுவேன். நடுவில் திடீரென்று, "நேத்து சாயங்காலம் உன்னக் கள்ளுக்கடையில பாத்ததா மண்டோர் சொல்றாரே?" என்பேன். மண்டோர் என்பவர் கூலிகளுக்கு மேஸ்திரி. அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்க மாட்டார். பொய்க் காய்ச்சலோடு வந்தவன் என்றால் விரலுக்கடியில் நாடி எகிறிக் குதிக்கும். மனத்தில் பயம் புகுந்தால் மூளை, நரம்புகள் வழியாக இதயத்தை விரட்டுகிறது என்று பயிற்சிக் காலத்தில் படித்திருந்தேன். அதை நான் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தினேன். கூலிகள் எனக்கு "நாடிப் போலீஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

உண்மையான காய்ச்சல்காரனுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டால் நாடி எகிறத்தான் செய்யும். வேலை போய்விடுமே என்று அவனுக்கும் பயம் வராதா? இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. எத்தனை பேரை அப்படிக் காய்ச்சலோடு மூட்டை தூக்க அனுப்பினேன் என்பதற்குக் கணக்கில்லை.

விஞ்சுக்காரர் என்று நான் சொல்வது கப்பல் மேல்தளத்தில் விஞ்சு ஓட்டியவரை. விஞ்சு நீராவியில் ஓடும் பொறி. உருளையில் கம்பிக்கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிக் கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர்களுக்குத் துறைமுகத்தில் மரியாதை உண்டு. இவர் பத்து வருஷமாக ஓட்டியவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவியோடும் ஒரு பெண்குழந்தையோடும் ஜெலுத்தோங் என்ற இடத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை வீடு ஒன்றில் இருந்தார். மனைவி இங்கேயே பிறந்தவள்.

ஒரு நாள் கம்பிக்கயிறு அறுந்தது. அறுந்த முனை சாட்டையாகத் திரும்பி, இவருக்குப் பக்கத்தில் நின்று, தூக்கவும் இறக்கவும் கைகாட்டிக்கொண்டிருந்த கூட்டாளியைக் கழுத்தில் அடித்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது செய்வதற்கு எதுவும் இல்லை. இறந்தவரும் இவரும் ஒரே கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். ஒரே கப்பலில் வந்தவர்களுக்குள் இங்கே அண்ணன் தம்பி உறவு. காரியம் முடிந்து பத்தாம் நாள் இவர் வேலைக்குத் திரும்பினார். திரும்பிய அன்றே விஞ்சுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார். அடுத்த நாளும் விழுந்தார். கயிறு பாரம் ஏற்று இறுகும்போது ஒரு முனகல் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் விழுந்தார். தரையில் மூட்டை தூக்கச் சொன்னால் இரண்டு ஆள் வேலையைச் செய்தார்.

கரையில் வேலை வேண்டும் என்பதற்காக நடிக்கிறான் என்று மண்டோர் புகார் எழுதினார். டாக்டர் புகாரைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீதான் இதில் கெட்டிக்காரன் ஆயிற்றே. போய்ப் பார்த்து எழுதிக் கொடு" என்றார்.

மறுநாள் காலை கப்பலுக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு, பைக்கடிகாரம், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றோடும். மேல்தளத்தில் இருபது பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். மண்டோர் உற்சாகமாக இருந்தார்.

"வாங்க டிரசர், வாங்க. நம்ம கோயில் கூத்துக்குப் பொம்பள வேஷம் கட்ட ஆளில்லாம தேடிக்கிட்டிருந்தேன். இந்தா, கெடச்சிருச்சு."

"மண்டோரண்ணே, சேல நான் குடுக்குறேன்லா!" என்று ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விஞ்சுக்காரர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "ஐயா, கயிறு இறுகுற சத்தம் கேட்டாத்தாங்க அப்படி ஆவுது. மத்தபடி எனக்கு ஒண்ணுமில்ல. நான் வேணும்னு பண்ணலிங்க" என்றார்.

"பண்ணுறியா இல்லையான்னு பாக்கத்தான் வந்திருக்கேன். கையக் குடு."

அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இன்னொருவர் விஞ்சை ஓட்டினார். கயிறு மெல்ல ஏறி இறுகியது. சத்தம் வந்தது. முதலில் அவர் நாடி வேகமெடுத்தது. ஆகா, மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். இரண்டு மூச்சுக்குள் அது தளர்ந்து, விட்டுவிட்டுத் துடிக்கத் தொடங்கியது. அவருக்கு நெற்றி, கழுத்து, மேலுதடு எல்லாம் வியர்த்தது. முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கோ வடிந்துவிட்டது போல் இருந்தது. முட்டி மடங்கி அப்படியே சரிந்தார். நான் மணிக்கட்டை விடாமல் கூடவே குனிந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்துநாலு.

"என்ன டிரசர், எவ்வளவு ஓடுது?" என்றார் மண்டோர்.

"நாப்பத்துநாலு."

"அப்படின்னா?"

"தூங்குறவனுக்குக்கூட இதவிட வேகமா ஓடும்."

தளம் முழுவதும் சிரிப்பு எழுந்தது. கீழே கிடந்தவர் கண்ணைத் திறந்தபோது முதலில் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

அறைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன். பயந்தவனுக்கு நாடி ஓடும், இவனுக்கு ஓடவில்லை, ஆகவே பயம் இல்லை, ஆகவே நடிப்பு. இது எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது. வியர்வையும் வெளுப்பும் அதில் பொருந்தவில்லை. ஒருவன் விரும்பினால் சரிந்து விழலாம், கண்ணை மூடலாம். நினைத்த மாத்திரத்தில் நெற்றி வியர்க்கச் செய்ய எந்தக் கூத்தாடியாலும் முடியாது. இது எனக்கு அந்த மேசையிலேயே தெரிந்தது. பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. டாக்டர் படித்துவிட்டு, "நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாராட்டை வீட்டில் என் மனைவியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

விஞ்சு ஓட்டு, இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்று அவருக்கு உத்தரவு வந்தது. அன்று மத்தியானம் மருந்தறைக்கு வந்தார். வரிசையில் நிற்கவில்லை, வாசலில் எல்லாரும் போகும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நான் நடிக்கிறேன்னு எழுதிட்டீங்களாமே?"

"நான் எழுதல. உன் நாடி சொல்லிச்சு."

"நாடி என்னங்க சொல்லும், அதுக்கு வாயா இருக்கு?"

"பயந்தவன் நாடி வேகமா ஓடும். உனக்கு மெதுவா ஓடிச்சு. நீ பயப்படல."

அவர் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஏதோ அது தன்னுடையது இல்லை என்பது போல. "நான் பயந்தது எனக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

"போ, மண்டோர் காத்துக்கிட்டிருப்பாரு" என்றேன்.

அவர் வேலைக்குப் போனார். விழாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். இடுப்புத் துண்டால் தன்னை விஞ்சுக்குப் பக்கத்திலிருந்த இரும்புத் தூணோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மயக்கம் வந்தால் தலை தொங்கும், ஆள் விழமாட்டார், சில நொடிகளில் தெளிந்து மறுபடியும் பிடியைப் பிடிப்பார். மற்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். மண்டோர், வேலை நடக்கிறதல்லவா என்று விட்டுவிட்டார். இப்படி இரண்டு வாரம் ஓடியது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, மயக்கத்தில் அவருடைய வலது கை ஓடிக்கொண்டிருந்த பற்சக்கரங்களுக்கு நடுவில் போய்விட்டது. கட்டியிருந்ததால் உடம்பு விலகவில்லை. கட்டாமல் இருந்திருந்தால் தளத்தில் விழுந்து, மண்டையில் ஒரு வீக்கத்தோடு போயிருக்கும்.

டாக்டர் வரும் நாள் அது. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் கிடத்தினார்கள். அவருக்கு நினைவு இருந்தது. நான் அந்தக் கையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். நசுங்கிய கைகளை அதற்கு முன் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்து, திட்டாமல், குறை சொல்லாமல், "இப்ப நாடி எப்படிங்க ஓடுது?" என்று கேட்டார்.

காதுக்குள் ஒரு இரைச்சல் கிளம்பியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சன்னல் வெளிச்சம் சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமானது. அடுத்து எனக்குத் தெரிந்தது தரை. டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தாறு. படுத்தே இரு. உனக்கு என்ன ஆயிற்று, ரத்தத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாயா?" என்றார். என்னை அங்கேயே விட்டுவிட்டு அவரே விஞ்சுக்காரரின் கையைக் கவனித்தார்.

எல்லாம் முடிந்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, டாக்டரிடம் கேட்டேன்: மயங்கினவனுக்கு நாடி ஏன் மெதுவாக ஓட வேண்டும்? அவர் கையைக் கழுவிக்கொண்டே, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். இதயத்துக்கு மூளையிலிருந்து போகும் கட்டளை ஒரு வகை இல்லை, இரண்டு வகை. முதுகுத்தண்டின் வழியாக வரும் நரம்புகள் அதை விரட்டும் சவுக்கு. மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் நரம்பு அதை இழுத்து நிறுத்தும் கடிவாளம். சாதாரணப் பயத்தில் சவுக்கு விழும். தாங்க முடியாததைக் கண்டாலோ கேட்டாலோ நினைத்தாலோ சிலருக்குக் கடிவாளம் ஒரேயடியாக இழுபட்டுவிடும். இதயம் தளரும், ரத்தக் குழாய்கள் விரியும், தலைக்கு ரத்தம் போதாது, ஆள் விழுவான். முகம் வெளுக்கும். வியர்க்கும்.

"புத்தகத்தில் இருக்கிறதே. நீ படித்ததில்லையா?"

படித்திருந்தேன். பார்த்தும் இருந்தேன். பயிற்சியின்போது ஒரு தவளையின் கழுத்தில் அந்த நரம்பைத் தூண்டிக் காட்டினார்கள். துடித்துக்கொண்டிருந்த இதயம் அப்படியே நின்றது, பிறகு தானாக மறுபடியும் துடித்தது. நாங்கள் பையன்களாகக் கைதட்டினோம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

"விஞ்சுக்காரனுக்கு நாற்பத்துநாலு இருந்தது" என்றேன்.

டாக்டர் துவாலையை வைத்தார். "வியர்த்ததா?"

"வியர்த்தது."

"நீ எழுதவில்லையே."

"எழுதவில்லை."

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். பிறகு, "கையெழுத்து என்னுடையது. அதை அப்படியே விடு" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் விட்டிருக்க வேண்டும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நடந்ததைப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டு நாள் யோசித்து, கம்பெனி மானேஜருக்கு மூன்று பக்கம் எழுதினேன். இந்த மனிதர் நடிக்கவில்லை, இவருக்கு இருந்தது உண்மையான கோளாறு, மூளையின் அதிர்ச்சி இதயத்தை அடக்குவதால் வருவது, நான் பார்த்ததை மறைத்து எழுதினேன், குற்றம் என்னுடையது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். எழுதி முடித்தபோது அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக எனக்கு நன்றாகப் பசித்தது.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனிதரிடம் போய், உங்களைப் பற்றி இப்படி எழுதட்டுமா என்று கேட்கவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல உடம்போடு வேலை செய்யும்போது கை கால் போனவனுக்கு ஏதாவது ஒரு சரக்குக் கிட்டங்கி வாசலில் ஜாகா வேலை கொடுப்பார்கள். கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளே போகிற வருகிற சரக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் காவல் வேலை. முன்பே நோய் இருந்தவனுக்கு அது கிடையாது. அவனை வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று எழுதி ஊருக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. அந்தத் தாள்களை வருஷக்கணக்காக நிரப்பியவன் நான். என் பாவத்தைக் கழுவுகிற அவசரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி என்னைக் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், கம்பெனியின் கடிதங்கள் எல்லாம் அவர் கைவழியே போகும்.

"என்ன டிரசர், இப்படிப் பண்ணிட்டீங்க? அவனுக்கு மூணாம் நம்பர் கிட்டங்கில ஜாகா வேல போட்டு நானே தாள் எழுதி வெச்சிருந்தேன். துரை கையெழுத்துப் போடுற நேரம் உங்க லெட்டர் வந்து நிக்குது."

"நான் அவருக்காகத்தானே எழுதினேன்?"

"அவருக்காகவா? முன்னாடியே மயக்க நோய் இருந்துச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நோயாலதான் கை போச்சு, விஞ்சால இல்லன்னு துரை சொல்றாரு. மயங்கி விழுறவன ஜாகாவா வெப்பாங்களா? ஊருக்கு டிக்கட் எழுதியாச்சு. நீங்க எழுதினது லெட்டர் இல்ல டிரசர், அந்த டிக்கட்தான்."

மானேஜரிடம் ஓடினேன். கதவு திறக்கவில்லை. டாக்டரிடம் போனேன். "நான் விடச் சொன்னேன்" என்றார். மண்டோரிடம்கூடப் போய், அவன் நல்லவன், திடமானவன், நீங்கள் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நீங்கதான மொதல்ல நல்லாருக்கான்னு எழுதினீங்க, அப்புறம் நல்லால்லன்னு எழுதினீங்க. மறுபடி நல்லாருக்கான்னு எழுதப் போறீங்களா?" என்றார்.

அவர்கள் கப்பலேறிய நாளில் போனேன். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. பெண்குழந்தை அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி ஒரு தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். போகிற ஊரை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"தப்பு என்னுது. சரிபண்ணத்தான் பாத்தேன்" என்றேன்.

விஞ்சுக்காரர் வேறு பக்கம் பார்த்தார். அவள்தான் பேசினாள்.

"இவரு நோயாளியா இருந்தப்ப நோய் இல்லன்னு எழுதினீங்க. கை போய், காவலுக்காச்சும் உக்காரலாம்னு இருந்தப்ப நோயாளின்னு எழுதினீங்க. ஒரு தரமாச்சும் எங்ககிட்ட கேட்டீங்களா ஐயா? இனிமே எங்களப் பத்தி யாருக்கும் எதுவும் எழுதாதீங்க. அது போதும்."

நான் கொண்டுபோயிருந்த பழங்களைக் குழந்தையிடம் நீட்டினேன். அது அம்மாவைப் பார்த்தது. அவள் தலையை அசைக்கவில்லை. குழந்தை வாங்கவில்லை.

அந்த வருஷ முடிவில் மருந்தறை வேலையை விட்டேன். விட்டேன் என்று சொல்வது மரியாதைக்காக. நான் இருப்பதை யாரும் விரும்பவில்லை. பிறை என்ற ஊரில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை இருந்தேன். நாடியில் விரல் வைத்தபடி யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. திருடன் திருடுவதை நிறுத்தியதால் போன பொருள் திரும்பி வருவதில்லை.

அவள் எழுதாதே என்று சொல்லியும் நான் எழுதினேன். கிராணியிடம் ஊர் விலாசம் வாங்கி, விஞ்சுக்காரர் பெயருக்கே கடிதம் போட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது, குழந்தை படிக்கிறதா, நான் எந்த வகையிலாவது உதவ முடியுமா என்று. பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். வருஷத்துக்கு மூன்று நான்கு கடிதங்கள் போயிருக்கும். கடிதங்கள் திரும்பி வராததால் போய்ச் சேர்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு அஞ்சலட்டை வந்தது. யாரிடமோ சொல்லி அவள் எழுதவைத்தது. எழுதியவர் அவள் பேச்சை மரியாதையான தமிழாக மாற்றியிருந்தார். தன் கணவர் ஊரில் இடது கையால் தோட்ட வேலை செய்யப் பழகிவிட்டார். இங்கே விஞ்சு இல்லை, அந்தச் சத்தம் இல்லை, மயக்கமும் வருவதில்லை. ஆனால் மலேயாத் தபால்தலை ஒட்டிய உறை தபால்காரர் கையில் தெரிந்தால் வியர்த்து உட்கார்ந்துவிடுகிறார். சென்ற முறை கிணற்றடியில் விழப்போனார். தயவுசெய்து இனிமேல் கடிதம் போட வேண்டாம்.

அடுத்த கடிதம் பாதி எழுதி மேசையில் இருந்தது. கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு எழுதவில்லை.